கிறவல், தார், கொங்கிறீட்: தரையோடு படுத்து எடுக்கும் கிட்டப் படங்கள்

வாய்க்கால்கரை (கிளிநொச்சி)

வணக்கம். ரோட்டு மேற்பரப்பை மட்டும் தரை மட்டத்தில வைச்சு ஒரு தொடராக எடுக்கப் பார்க்கிறன். பரந்தன் – முல்லைத்தீவு வீதியின்ர காப்பெற் (மட்டமாப் போட்ட தார்), இரணைமடுப் பக்கத்துக் கிறவல் ஒழுங்கை, ஊருக்குள்ள போட்ட கொங்கிறீட் ரோட்டு, இந்த மூண்டும். ஆள், வாகனம், வானம் ஒண்டும் வேண்டாம். கையில இருக்கிறது சாதாரண குறோப் சென்சர் (சின்ன அளவுச் சென்சர்) கமரா, 18–55 லென்ஸ், 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் ஒண்டு.

சிக்கல் மூண்டு. காலமை ஒன்பதரைக்கு எடுத்த கிறவல் படத்தில கல்லுத் தெரியுது, மண் தெரியுது, மேடு பள்ளம் தெரியேல்லை. துணி விரிச்ச மாதிரித் தட்டையாக் கிடக்குது. கிறவலின்ர சிவப்பு மங்கிப் போகுது, தார் சாம்பலா வெளிறுது. கமராவை நிலத்தில வைச்சால் விரற்கடை அளவு ஒரு கீலம் மட்டும் துல்லியமா விழுது, முன்னும் பின்னும் புகைமூட்டம். மக்ரோ லென்ஸ் (மிகக் கிட்டத்தில எடுக்கிற லென்ஸ்) வாங்காமல் இது தீருமோ?

சாய்வெயில் (மாங்குளம்)

லென்ஸ் பிறகு. முதல் நேரத்தை மாத்துங்கோ, தம்பி.

ஒன்பதரைக்கு எங்கட பக்கம் பெரும்பாலான மாதங்களில சூரியன் 45 பாகைக்கு மேல நிக்கும். 2 மி.மீ. உயரமான கல்லுக்கு 45 பாகையில 2 மி.மீ. நிழல்தான் விழும். 15 பாகையில அதே கல்லுக்கு 7.5 மி.மீ., 10 பாகையில 11 மி.மீ. வரும். நீங்கள் தேடுற மேடு பள்ளம் இந்த நிழல்தான், வேற ஒண்டுமில்லை. வன்னியில சூரியன் கிட்டத்தட்ட நெட்டுக்குத்தா ஏறும், மணிக்கு 14, 15 பாகை. அதால காலமை கிடைக்கிற நேரம் மிகவும் குறைவு. உதிச்சு 25 நிமிடத்தில 6 பாகை, ஒரு மணித்தியாலத்தில 14, 15 பாகை. வேலை செய்யக்கூடிய நேரம் அந்த 35 நிமிடம். அதுக்கு முந்தி நிழல் ஒண்டில ஒண்டு விழுந்து எல்லாம் இருட்டாகும். பிந்தினால் நீங்கள் சொன்ன துணி மாதிரித்தான் வரும். பின்னேரமும் இதே கணக்குத்தான், திருப்பிப் போடுங்கோ. சித்திரை நடுப்பகுதியிலும் ஆவணி கடைசியிலும் மத்தியானச் சூரியன் உச்சந்தலைக்கு நேர வரும். அந்த நாளுகளில பத்து மணிக்கும் இரண்டு மணிக்கும் இடையில கமராவை வெளியில எடுக்கவே வேண்டாம்.

அடுத்தது ரோட்டின்ர திசை. இதைப் பலர் கவனிக்கிறதில்லை. வெயிலுக்குக் குறுக்க ஓடுற கோடுதான் படத்தில எழும்பும். வெயிலோட சேர்ந்து ஓடுற கோடு கரைஞ்சு போகும். ஏ9 மாங்குளத்தில இருந்து பரந்தன் வரைக்கும் பெரும்பாலும் தெற்கு வடக்கு. காலமை வெயில் ரோட்டைக் குறுக்க வெட்டும். சில்லுத் தடம், தார் அமுங்கின பள்ளம் போல நீளத்துக்கு ஓடுறது எல்லாம் அங்க நல்லாத் தெரியும். நீங்கள் சொன்ன பரந்தன் – முல்லைத்தீவு வீதி கிழக்குப் பக்கமாப் போகுது. அங்க காலமை வெயில் ரோட்டின்ர நீளத்துக்கே வரும், சில்லுத் தடம் தெரியாது. குறுக்கு வெடிப்பு, ஒட்டுப்போட்ட விளிம்பு இதுகள் அங்க எழும்பும். கொங்கிறீட் ரோட்டில ஈரத்தோட தும்புத்தடியால இழுத்த கீறல் குறுக்கதான் இருக்கும். அதை எடுக்கிறதெண்டால் கிழக்கு மேற்கா ஓடுற ஒழுங்கையைத் தெரிவு செய்யுங்கோ.

மில்லிமீற்றர் (வவுனியா)

அண்ணை வெயிலைச் சொல்லிப்போட்டார். நான் அந்தக் கீலத்துக்கு வாறன்.

கமரா தரையை ஒட்டிப் பார்க்கேக்க, துல்லியம் விழுற தளம் ரோட்டுக்குச் செங்குத்தா ஒரு கண்ணாடித் தகடு நிறுத்தின மாதிரி நிக்கும். அந்தத் தகடு ரோட்டை வெட்டுற இடம்தான் உங்கட கீலம். அதன்ர தடிப்பை உருப்பெருக்கம் (சென்சரில விழுற உருவம் உண்மை அளவில எத்தனை மடங்கு எண்டது) தீர்மானிக்குது. 50 மி.மீ. லென்ஸுக்குப் பின்னால 12 மி.மீ. எக்ஸ்ரென்ஷன் ரியூப் (கமராவுக்கும் லென்ஸுக்கும் இடையில பூட்டுற கண்ணாடி இல்லாத வளையம்) போட்டால் 12ஐ 50ஆல பிரிச்சு 0.24 மடங்கு. படத்தின்ர அகலத்துக்குள்ள ஏறத்தாழ 10 செ.மீ. ரோட்டு வரும். எஃப் 8இல (இது அப்பேச்சர், லென்ஸின்ர துவாரம்; எண் கூடக் கூடத் துவாரம் சின்னன்) துல்லியத் தடிப்பு ஏறத்தாழ 7 மி.மீ. அதே லென்ஸுக்கு 36 மி.மீ. ரியூப் போட்டால் 0.72 மடங்கு, அகலம் 3.3 செ.மீ., தடிப்பு 1 மி.மீ.தான். அப்பேச்சரை எஃப் 22க்கு மூடித் தப்பலாம் எண்டு நினைக்காதேங்கோ. கிட்டப் போகப் போக உண்மையான அப்பேச்சர் இன்னும் சின்னனாகும்: 0.72 மடங்கில எஃப் 16 எண்டு போட்டால் அது எஃப் 27 மாதிரி நடக்கும். ஒளி விளிம்பில சிதறி முழுப் படமுமே மெழுகு பூசின மாதிரி மழுங்கும். குறோப் சென்சருக்கு 0.24 மடங்கில எஃப் 11, 0.72 மடங்கில எஃப் 8. அதுக்கு மேல போகவேண்டாம்.

மக்ரோ லென்ஸ் தேவையில்லை. உங்கட 18–55ஐ 55இல வைச்சுக் கிட்டின தூரத்துக்குக் கொண்டுபோனால் மூண்டில ஒரு பங்கு உருப்பெருக்கம் அதுவே தரும். ரியூப் வாங்கினால் உள்ளுக்கு மின் தொடுமுனை இருக்கிறதைத்தான் வாங்குங்கோ. வெறும் வளையமெண்டால் புது லென்ஸுகளில அப்பேச்சரை மாத்தேலாது.

அளவு சரிபார்க்க நெல்மணி வைக்கிறவை இருக்கினம், இனத்துக்கு இனம் நீளம் மாறும். பித்தளை நிற 5 ரூபாக் குற்றி 23.5 மி.மீ. விட்டம். நிக்கோன், சோனி குறோப் சென்சரின்ர அகலமும் 23.5 மி.மீ. குற்றி படத்தின்ர அகலத்தை அப்படியே நிரப்பினால் 1:1, பாதியை நிரப்பினால் 1:2. ஒவ்வொரு இடத்திலும் குற்றியோட ஒரு படம், குற்றி இல்லாமல் ஒரு படம் எடுத்து வையுங்கோ.

சாய்வெயில் (மாங்குளம்)

ஒரு கருத்து மட்டும். ரோட்டுக்கு 1:1 வேண்டவே வேண்டாம். அந்தக் கிட்டத்தில அது ரோட்டாத் தெரியாது, கல்லு ஆராய்ச்சிக்கூடத்துப் படம் மாதிரித் தெரியும். 10 செ.மீ. அகலம், அதாவது நாலில ஒரு மடங்கு, போதும். உள்ளங்கையால ரோட்டைத் தடவினால் எவ்வளவு உணருவமோ அவ்வளவு அதுக்குள்ள வரும்.

கிறவல்குவியல் (ஒட்டுசுட்டான்)

படுக்க முந்திப் படிக்கவேண்டியதைச் சொல்லிப்போட்டு மற்றதுக்கு வாறன்.

ரோட்டை விட்டு இறங்காதேங்கோ. வன்னியில மிதிவெடி அகற்றி முடியாத நிலம் இன்னும் இருக்கு. சிவப்புப் பலகை, மண்டையோட்டுப் படம், சிவப்பு முனையடிச்ச தடி, சிவப்பு நாடா இதில எதைக் கண்டாலும் ரோட்டு ஓரத்து மண்ணில முழங்கைகூட வைக்கப்படாது. பலகை இல்லையெண்டதும் உத்தரவாதமில்லை. மழைக்குப் பிறகு கரையில வெளிவந்த துருப்பிடிச்ச இரும்பு படத்துக்கு எவ்வளவு வடிவாத் தெரிஞ்சாலும் தொடாமல், தட்டாமல், வந்த தடத்திலேயே திரும்பிப் போய்ப் பொலிசுக்கோ கிராம அலுவலருக்கோ சொல்லுங்கோ. முகாம் வாசல், சோதனைச் சாவடி உள்ள இடத்தில கமராவோட படுக்கிறதும் வேண்டாம்.

ஏ9இல வாகனம் ஓடுற பாதையில படுக்கிற கதையே இல்லை. பஸ்காரனுக்கு நிலத்தில கிடக்கிற ஆள் தெரியாது. வெள்ளைக் கோட்டுக்கு வெளியில உள்ள தார்க் கரையில, வாகனம் வாற திசையைப் பார்த்தபடி, பளிச்சிடுற மஞ்சள் அங்கி போட்டு, பக்கத்தில ஒராளை நிற்பாட்டி எடுங்கோ. அந்திக்குப் பிறகு ரோட்டுச் சூட்டுக்குப் பாம்பு வரும். சுருட்டை விரியன் சின்னது, மண் நிறம், கிறவலில கண்ணுக்குப் படாது. ரோச் அடிச்சுப் பார்க்காமல் கை ஊண்டக்கூடாது.

இனி ரோட்டுக்கு வாறன். காப்பெற் புதுசா இருக்கேக்க கல்லு ஒவ்வொண்டும் தார்ப்படலத்தால மூடியிருக்கும், எல்லாம் ஒரே கறுப்பு, படத்துக்கு ஒண்டுமில்லை. ரயர் தேய்ச்சுத் தேய்ச்சுக் கல்லின்ர தலையில தார் போன பிறகுதான் கல்லின்ர உள்நிறம் வெளிவரும். அதால சில்லு ஓடுற தடத்தையும் ரோட்டு நடுவையும் ஒப்பிட்டு இரண்டு படம் எடுத்தால் நல்ல சோடி. வவுனியாப் பக்கத்துக் கல்லு நைஸ் வகை. புவியியல்காரர் வன்னித் தொகுதி எண்டு சொல்லுற பழைய பாறை. வெள்ளையா, இளஞ்சிவப்பா வரி, கறுப்புக் காக்காய்ப்பொன், சில கல்லில கடுகு அளவு சிவப்புக் கார்னெற் புள்ளி. காக்காய்ப்பொன் மினுங்குறது ஒரு குறிப்பிட்ட கோணத்தில மட்டும்தான். ஃபோகஸை வைச்சிட்டுக் கமராவை இரண்டு, மூண்டு பாகை அப்படி இப்படித் திருப்பிப் பாருங்கோ, ஓரிடத்தில பொறி தட்டும்.

வெடிப்பை வகை பிரிச்சு எடுங்கோ. சில்லுத் தடத்தில மட்டும் முதலைத்தோல் மாதிரிச் சின்னச் சின்னக் கட்டமா வெடிச்சிருந்தால் பாரம் தாங்காமல் அடித்தளம் களைச்சுப்போச்சு எண்டு அர்த்தம். ரோட்டுக்கரை கடிச்சது மாதிரி உடைஞ்சிருந்தால் கரையில மண் அணைப்பு இல்லை. கல்லு தனித்தனியாக் கழண்டு குழி குழியா இருந்தால் தார் காய்ஞ்சு பிடி விட்டுட்டுது. சில்லுத் தடம் கண்ணாடி மாதிரிக் கறுப்பா மினுங்கினால் தார் கூடிக் கசிஞ்சிருக்கு. அதில மத்தியானம் உரச்சாக்கு விரிக்காதேங்கோ, ஒட்டிப்பிடிக்கும். இந்த நாலும் வேறவேற படம். காரணம் தெரிஞ்சு எடுத்தால் எந்த இடத்தில துல்லியம் விழவேணும் எண்டு கை தானாத் தெரிஞ்சுகொள்ளும்.

வாய்க்கால்கரை (கிளிநொச்சி)

மிதிவெடி விசயத்தை முதல்ல சொன்னதுக்கு மிச்சம் நன்றி அண்ணை. உழவு யந்திரத் தடத்தைப் பற்றி ஒரு கேள்வி. கிறவலில அம்பு அம்பா விழுந்திருக்கிற தடத்தில அம்பு காட்டுற பக்கம்தானே யந்திரம் போன பக்கம்? தலைப்பில திசை எழுதவேணும்.

கிறவல்குவியல் (ஒட்டுசுட்டான்)

இல்லை, மறுபக்கம். பெரிய சில்லில அம்பு வடிவ ரப்பர்ப் பட்டையின்ர கூர் முதல் நிலத்தில படும், பிறகு இரண்டு கையும் வெளிப்பக்கமாப் படும். அப்ப சேறு பக்கவாட்டில ஒதுங்கிப் போகும், அதுக்காகத்தான் அப்படிப் பூட்டுறது. முதல் பட்டது பின்னுக்குக் கிடக்கும். ஆகவே கூர் எந்தப் பக்கமோ அதுக்கு எதிர்ப்பக்கம்தான் போயிருக்கும். சில்லை மாறிப் பூட்டியிருந்தால் மட்டும் கணக்குப் பிழைக்கும்.

அந்தத் தடத்துக்கு நல்ல நேரம் மழை விட்ட அடுத்த நாள் காலமை. விளிம்பு இறுகி நிக்கும். மூண்டு நாள் வெயில் பட்டால் விளிம்பு உதிர்ந்து வட்டமாகும்.

பனிக்காலை (முல்லைத்தீவு)

போனில எடுக்கிறவைக்கும் ஒரு வழி சொல்லவேணும். கமராவை அப்படியே நிலத்தில வைச்சாலும் லென்ஸின்ர நடு 4, 5 செ.மீ. உயரத்திலதான் நிக்கும். போனைத் தலைகீழாத் திருப்பிக் கமராப் பக்கம் நிலத்தில முட்ட நிறுத்தினால் 1 செ.மீ. சொச்சம். எறும்பு பார்க்கிற உயரம் அது. கொங்கிறீட்டின்ர ஒரு மணல் துணிக்கையும் அங்க இருந்து பார்த்தால் பாறை.

போனின்ர மக்ரோ எண்டு வாறது பெரும்பாலும் அகலக் கோணக் கமராவால 2, 3 செ.மீ. கிட்டத்தில எடுக்கிறது. அந்தக் கிட்டத்தில போனின்ர நிழலே விழுந்து வெயிலை மறைக்கும், விளிம்பும் வளையும். அதை நிறுத்திப்போட்டுப் பிரதான கமராவில இரண்டு மடங்கு (2x) வைச்சு 12 செ.மீ.க்குப் பின்னால வாங்கோ. விரலால அழுத்திப் பிடிச்சு ஃபோகஸையும் ஒளியையும் பூட்டிப்போட்டு, ஒளியைக் கொஞ்சம் கீழ இறக்குங்கோ. போனுக்கு அடியில வைக்க ஒரு சின்னப் பை வேணும். பயறு முக்கால் கிலோ தைச்ச துணிப்பை நல்லது. கமராவுக்கெண்டால் ஒன்றரைக் கிலோ. நெல்லுமி பாரமில்லாமல் ஆடும், கடல் மணல் உப்பும் தூசியும் விடும்.

படுக்க உரச்சாக்கு இரண்டாய் மடிச்சது. நெருஞ்சி முள் அதுக்குள்ளாலும் ஏறும், ஆனபடியால் முழங்கைக்குக் கீழ பழைய சப்பாத்து ரப்பர் ஒரு துண்டு வையுங்கோ.

மில்லிமீற்றர் (வவுனியா)

அக்கா சொன்ன பயற்றம்பையோட, பல படம் அடுக்கி ஒண்டாக்கிற முறையையும் சேர்க்கிறன். 6 செ.மீ. ஆழம் முழுக்கத் துல்லியமா வேணுமெண்டால், 7 மி.மீ. தடிப்புக்கு 5 மி.மீ. படியா 13 படம். முன்னுக்கு இருந்து பின்னுக்கு, வளையத்தைத் திருப்பி. ஐஎஸ்ஓ, ஷட்டர், வைற் பலன்ஸ் (நிறச் சமநிலை) எல்லாம் கையால பூட்டி. அடுக்கிற மென்பொருளில ஹெலிகான் ஃபோகஸ் காசுக்கு. ஹியூகினும் என்ஃபியூஸும் இலவசம். முக்கியம் வேகம். சூரியன் நிமிடத்துக்குக் கால் பாகை நகரும். 10 பாகையில அது ஒரு நிமிடத்துக்கு நிழலை 2.5 வீதம் சுருக்கும். 13 படத்துக்கு மூண்டு நிமிடம் எடுத்தால் நிழல் விளிம்பெல்லாம் இரட்டைக் கோடா வரும். 40 செக்கனுக்குள்ள முடியுங்கோ. எறும்பு ஓடுற இடமெண்டால் அடுக்க வேண்டாம், ஒவ்வொரு படத்திலும் ஒரு எறும்பு வரும்.

மேலிருந்து நேரா எடுக்கிறதெண்டால் அடுக்கல் தேவையில்லை, கமரா ரோட்டுக்குச் சமாந்தரமா இருந்தால் ஒரே படத்தில எல்லாம் விழும். சமாந்தரம் பார்க்க ஒரு சின்ன முகக்கண்ணாடியை ரோட்டில தட்டையா வைச்சு, கண்ணாடியில தெரியிற லென்ஸ் படத்தின்ர சரி நடுவுக்கு வாற வரைக்கும் கமராவைச் சரியுங்கோ. நீர்மட்டக் குமிழ் இதுக்கு உதவாது, ரோட்டுத்தான் சரிவாச்சே.

சாய்வெயில் (மாங்குளம்)

அடுக்கலில எனக்கு உடன்பாடு குறைவு. தரை மட்டத்துப் படத்தில முழுக்கத் துல்லியமெண்டால் கண் எங்க இருக்கிறதெண்டு தெரியாமல் அலையும். கீலத்தை வெறுக்காமல், அதை வெடிப்பின்ர விளிம்பில, இல்லாட்டி ஈரமும் காய்ஞ்சதும் சந்திக்கிற கோட்டில கொண்டுபோய் வையுங்கோ. கீழ் விளிம்பில இருந்து மூண்டில ஒரு பங்கு உயரத்தில. அடுக்கலை முதலைத்தோல் வெடிப்பு போல விவரம் வேண்டின இடத்துக்கு ஒதுக்குங்கோ.

நிறக் கேள்விக்கு ஒருவரும் பதில் சொல்லேல்லை. படம் முழுக்கக் கிறவலெண்டால் கமராவின்ர தானியங்கி வைற் பலன்ஸ் அந்தச் சிவப்பை விளக்கு வெளிச்சத்தின்ர பிழையெண்டு எண்ணி நீலத்தைக் கலந்து கழுவும். வெயில் அடையாளத்தில, இல்லாட்டி 5200 கெல்வினில பூட்டி, ரோ (கமரா பதப்படுத்தாத) கோப்பில எடுங்கோ. சிவப்பு நிறப் பதிவு மட்டும் தனியா நிரம்பி வழியும், ஆனபடியால் கமராவின்ர மூண்டு நிற ஒளி வரைபடத்தைப் பாருங்கோ. சாம்பல் வரைபடம் அதைக் காட்டாது. தார் வெளிறுறதுக்குக் காரணம் ஒளிமானி. கறுப்பைக் கண்டால் நடுச்சாம்பலா ஏத்தப்பார்க்கும். ஒளித் திருத்தம் தாருக்கு மைனஸ் 0.7இல இருந்து 1, முல்லைத்தீவுக் கரை வெள்ளை மணலுக்குப் பிளஸ் 1.

பனிக்காலை (முல்லைத்தீவு)

மாரியில வெயில் இல்லாத நாள் வரும். அதுக்கு ரோச் லைற். 1 மீற்றர் தூரத்தில 18 செ.மீ. உயரத்தில பிடிச்சால் ஏறத்தாழ 10 பாகை. கிட்டக் கொண்டுவராதேங்கோ. 20 செ.மீ. தூரத்தில வைச்சால் 6 செ.மீ. அகலப் படத்தின்ர ஒரு கரை மற்றக் கரையை விடக் கிட்டத்தட்ட ஒரு ஸ்ரொப் (இரண்டு மடங்கு) வெளிச்சமாகும். 1 மீற்றரில அந்த வித்தியாசம் தெரியாது.

மழை விட்டுப் பத்துப் பதினைஞ்சு நிமிடம் கழிச்சு மேடு முதல் காயும், பள்ளம் ஈரமாக் கறுத்திருக்கும். வெயில் இல்லாமலே மேடு பள்ளம் பிரிஞ்சு தெரியிற ஒரே நேரம் அது. பொலரைசர் ஃபில்ரர் போட்டால் ஈர மினுக்கம் போகும் எண்டு தரையில படுத்துக்கொண்டு திருப்பாதேங்கோ. தண்ணி மினுக்கம் நல்லா வெட்டுப்படுறது ரோட்டில இருந்து 37 பாகை உயரத்தில நிண்டு பார்க்கேக்க. 5, 10 பாகையில அது பெரிசா ஒண்டும் செய்யாது, ஒளியை மட்டும் ஒன்றரை ஸ்ரொப் குடிக்கும்.

களிமண்தரை (முருங்கன்)

எங்கள் பக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முருங்கன் களிமண் ஒரு காலத்தில் காங்கேசன்துறைச் சீமெந்து ஆலைக்கே போனது. ஈரத்தில் வீங்கும், காய்ச்சலில் சுருங்கும். ஆடி, ஆவணியில் வயல் ஒழுங்கை ஐங்கோணம், அறுகோணமாகப் பிளந்து கிடக்கும், விரல் இறங்கும் அகலம். இதை 10 பாகை வெயிலில் எடுத்தால் பிளவு வெறும் கறுப்புக் கோடாகிவிடும். உள்சுவரில் உள்ள மெல்லிய வரி தெரிய வேண்டுமானால் சூரியன் 30, 35 பாகைக்கு ஏற வேண்டும், அதாவது எட்டரை மணி. எல்லா மேற்பரப்புக்கும் சரிந்த வெயில்தான் மருந்து என்று வைத்துவிட வேண்டாம். மேடு எழும்பிய பரப்புக்குச் சரிந்த வெயில், குழி இறங்கிய பரப்புக்கு ஏறிய வெயில்.

சாய்வெயில் (மாங்குளம்)

ஏற்றுக்கொள்ளுறன். பிளவுக்கு நான் சொன்னது பொருந்தாது.

வாய்க்கால்கரை (கிளிநொச்சி)

அப்ப 12 மி.மீ. ரியூப், எஃப் 11, 5200 கெல்வின், பயற்றம்பை, உதிச்சு 25ஆம் நிமிடம். கொங்கிறீட்டுக்குக் கிழக்கு மேற்கு ஒழுங்கை. இன்னும் இரண்டு கேள்வி. கிறவல் தூசி லென்ஸுக்குள்ள போகாமல் என்ன செய்யலாம்? காலபோக அறுவடைக்குக் காப்பெற்றில நெல்லுக் காயப்போடேக்க அதையும் இந்தத் தொடரில சேர்க்கலாமோ?

பனிக்காலை (முல்லைத்தீவு)

தூசிக்கு: ரியூபை வீட்டிலேயே பூட்டிக்கொண்டு போங்கோ, ரோட்டில கழட்டாதேங்கோ. முன்கண்ணாடிக்கு யூவி ஃபில்ரர். முதல் ரப்பர்ப் பந்தால ஊதி, பிறகு மயிர்த்தூரிகை, கடைசியாத்தான் துணி. கிறவல் தூசியில நுண்மணல் இருக்கு, துணி முதல் பட்டால் கீறும். வாயால ஊதினால் ஈரம் பட்டுச் சேறாகும்.

நெல்லுக்கு: சொந்தக்காரரைக் கேட்டு, விரிச்ச ஓரத்தில மட்டும் படுங்கோ, மிதிக்கவோ அளையவோ கூடாது. பொன் நெல்லுக்கும் கறுப்புத் தாருக்கும் ஒளி வித்தியாசம் கனக்க. நெல்லுக்கு அளந்து எடுங்கோ, தார் இருண்டாலும் பரவாயில்லை.

கிறவல்குவியல் (ஒட்டுசுட்டான்)

நெல்லுக்கு மாசி, பங்குனி வரைக்கும் நேரம் இருக்கு, அவசரமில்லை. கிறவல் ஒழுங்கையில அரை மீற்றர், ஒரு மீற்றர் இடைவெளியில அலை அலையா எழும்பியிருக்கே, அதுதான் முதல். காய்ஞ்ச கிறவலில சில்லு வேகமாத் துள்ளித் துள்ளி ஓடுறதால வாறது. அதுக்கு ரியூப் வேண்டாம். 18 மி.மீ.யில, கமரா நிலத்தில, வெயில் எதிர்ப்பக்கத்தில இருந்து வரவேணும். மழைக்கு முந்தி கிறேடர் (ரோட்டைச் சமப்படுத்துற யந்திரம்) வருமோ எண்டு பிரதேச சபையில விசாரியுங்கோ. அது ஒருக்கால் ஓடினால் அலை முழுக்கச் சமமாகும், திரும்ப எழும்பச் சில கிழமை எடுக்கும்.